விமானத்தை ஏன் இன்னும் ரிவெட் அடித்தே செய்கிறார்கள்?

நூறு வருடத்துக்கு மேலாகியும் விமானத்தை ஏன் இன்னும் லட்சக்கணக்கில் ரிவெட் (துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலைகட்டும் உலோக ஆணி) அடித்தே இணைக்கிறார்கள், காரைப் போல வெல்டிங் வைத்து ரோபோவிடம் விட்டுவிடக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் ஒரு சந்தேகம் தெரிகிறது: மற்ற தொழில்கள் எங்கேயோ போய்விட்டன, விமானத் தொழில் மட்டும் 1930களிலேயே உட்கார்ந்துவிட்டதோ? அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. போயிங் 747 ஒன்றில் ஏறத்தாழ 60 லட்சம் உதிரிபாகங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதில் பாதி ரிவெட், போல்ட் மாதிரியான இணைப்பான்கள். ஆனால் ரிவெட் வெறும் பழக்கதோஷத்தால் நிலைத்துவிடவில்லை. முழு உலோக விமானத்துக்கு முதலில் வெல்டிங்கைத்தான் முயன்று பார்த்தார்கள். அது சரிப்படாமல்தான் ரிவெட்டுக்கு வந்தார்கள். பிறகு பசை, லேசர், உராய்வு வெல்டிங், கார்பன் இழை என்று ஒவ்வொன்றாக வந்தும் ரிவெட் வரிசைகள் குறைந்தனவே தவிர மறையவில்லை. ஓர் இணைப்பு எவ்வளவு பலம் என்பதைவிட, அது கெட ஆரம்பிக்கும்போது வெளியே தெரிகிறதா, தெரிந்தால் பிரித்துச் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கேள்வி. கீழே சொல்வதெல்லாம் பயணிகள் விமானத்தின் உடலையும் இறக்கையையும் பற்றியது. எஞ்சின் தனி உலகம். அங்கே வெல்டிங் தாராளமாக உண்டு.

1903ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டது ஸ்ப்ரூஸ் மரச்சட்டத்தையும் பருத்தித் துணியையும்தான். முதல் உலகப்போர் முடியும்வரை பெரும்பாலான விமானங்கள் தச்சுப்பட்டறைச் சரக்கு. 1915 டிசம்பரில் ஜெர்மனியின் ஹூகோ ஜங்கர்ஸ் முழுக்க உலோகத்தால் ஆன ஜே 1 விமானத்தைப் பறக்கவைத்தார். அது எஃகு, மெல்லிய தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் கனம், உயரே ஏறத் திணறியது. 'தகரக் கழுதை' என்று பட்டப்பெயர் வாங்கியது. ஜங்கர்ஸ் அடுத்து அலுமினியக் கலவைக்கு மாறினார். 1919ல் வந்த எஃப் 13 பயணிகள் விமானத்தின் நெளிதகட்டு உடல் முழுக்க ரிவெட். இன்னொரு பக்கம் ஃபோக்கர் நிறுவனம் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கூடு கட்டி, மேலே துணி போர்த்தியது. அந்த வழி அழியவில்லை. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகுக் குழாயை வெல்டிங் செய்து சிறு விமானங்களை இன்றும் கட்டுகிறார்கள். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தை நெருங்கும் சோவியத் போர்விமானம் மிக்-25ன் உடலில் பெரும்பகுதி வெல்டிங் செய்த நிக்கல் எஃகு. அந்த வேகத்தின் சூட்டை அலுமினியம் தாங்காது. ஆக, எஃகில் வெல்டிங் நடக்கும். சிக்கல் அலுமினியத்தில்.

எல்லா அலுமினியத்திலும் அல்ல. 1906ல் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய உலோகவியலாளர் ஒரு விநோதத்தைக் கண்டார். சுமார் 4 சதவீதம் செம்பும், அரை சதவீத அளவில் மக்னீசியமும் மாங்கனீஸும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றித் தண்ணீரில் தோய்த்துச் சும்மா வைத்தால், சில நாளில் தானாகவே கடினமாகிறது. சனிக்கிழமை அளந்தபோது மென்மையாக இருந்தது திங்கள்கிழமை வந்து பார்த்தால் கடினமாகியிருந்தது என்றொரு கதை எல்லா வகுப்பறையிலும் சொல்லப்படும். கிழமை விவரத்துக்கு நான் பொறுப்பில்லை, 1909ல் அவர் வாங்கிய காப்புரிமை நிஜம். டியூராலுமின் என்று விற்பனைக்கு வந்தது அதுதான். செம்பும் அலுமினியமும் சேர்ந்த மிக நுண்ணிய படிவுகள் உலோகத்துக்குள்ளே உருவாகி, படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் முட்டுக்கொடுக்கின்றன என்ற விளக்கம் பின்னால் வந்தது. இன்று விமான உடலில் இருக்கும் 2024 கலவை அந்த டியூராலுமினின் நேர் வாரிசு. 2024-டி3 என்ற கடினப்படுத்திய நிலையில் தகடு சுமார் 480 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும். அதே தகட்டை முழுக்கச் சூடாக்கி மென்மையாக்கிவிட்டால் சுமார் 185தான். வெல்டிங் சுடர் படும் இடத்தில் நடப்பது இந்த மாதிரி விபரீதம்தான். உருகிய கோடு வார்ப்பு உலோகமாகிவிடுகிறது. அதன் இருபுறமும் சில மில்லிமீட்டருக்குப் படிவுகள் கலைந்து பலம் இறங்குகிறது. போதாததற்கு 2024, விமானத்தில் புழங்கும் இன்னொரு கலவையான 7075 இரண்டுமே உறையும்போது வெல்டிங் கோட்டிலேயே வெடிக்கும் சுபாவம் கொண்டவை. முழு உடலையும் மறுபடி 490 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தோய்த்தால் பலம் திரும்பும். ஆனால் 1 மி.மீ. தகட்டில் கட்டிய ஒரு கூட்டை அப்படித் தோய்த்தால் கோணிப் போய்விடும். ரிவெட்டுக்குத் துளை மட்டும் போதும், சூடு வேண்டாம்.

மரம் ஏன் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே காரணம் பின்னால் பசைக்கும் வரும். மரம் பலவீனம், அதனால் உலோகம் வந்தது என்று பலர் எழுதுவார்கள். அது சரியில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் மொஸ்கிட்டோ, பால்சா மரத்தை நடுவில் வைத்து ஒட்டுப்பலகையால் இருபுறமும் மூடிய உடலோடு, காலத்தின் வேகமான விமானங்களில் ஒன்றாகப் பறந்தது. மரத்தின் கணக்கு தீர்ந்தது வேறு விதமாக. 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சாஸில் ஃபோக்கர் எஃப்-10 ஒன்றின் மர இறக்கை காற்றிலேயே முறிந்து, புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட 8 பேர் இறந்தார்கள். இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசையிணைப்பு விட்டிருந்தது. மேலே வழவழப்பான பலகை. உள்ளே என்ன நிலைமை என்று பார்க்க அந்தப் பலகையையே உரிக்க வேண்டும். அப்படிப் பரிசோதிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டதும் மர இறக்கையை வைத்துத் தொழில் செய்வது கட்டுப்படியாகாமல் போனது. அடுத்த ஆண்டு டிடபிள்யூஏ என்ற விமானச் சேவை நிறுவனம் முழு உலோக விமானம் கேட்டு விவரக்குறிப்பு அனுப்பியது. டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-1 அதிலிருந்து பிறந்தது. 1935 டிசம்பர் 17ல் பறந்த டிசி-3 அதன் வழித்தோன்றல். போயிங் 247 இதற்கு முன்பே, 1933லேயே பறந்துவிட்டது. இவற்றில் மேல்தகடு வெறும் போர்வை அல்ல, பாரத்தில் பங்கு வாங்கும் உறுப்பு. பாரம் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் போவது விளிம்பிலுள்ள ரிவெட் வரிசை வழியாக. அன்றிலிருந்து விமானத்தின் ஆயுள் ரிவெட் துளையின் தரத்தோடு கட்டுண்டது.

ஒரு ரிவெட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது விளங்கும். தலா 1 மி.மீ. தடிமனில் இரண்டு தகடுகளை இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த தகட்டைப்போல் மூன்று மடங்கு விட்டம் என்பது பட்டறை வழக்கம்; எனவே 3.2 மி.மீ. ரிவெட். துளை 3.26 மி.மீ., 30ஆம் எண் டிரில். ரிவெட் மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்குக் குறைந்தது இரண்டு விட்டம், அதாவது 6.4 மி.மீ. விட வேண்டும். அடுத்த ரிவெட் மூன்று விட்டத்துக்குக் குறைவான தூரத்தில் வரக் கூடாது. சாதாரணமாக நான்கு முதல் ஆறு விட்டம் விடுவார்கள். தண்டின் நீளம், இரு தகடுகளின் தடிமனோடு ஒன்றரை விட்டத்தைக் கூட்டினால் வருவது: 2 மி.மீ. கூட்டல் 4.8, ஆக 6.8 மி.மீ. முதலில் இரண்டு தகட்டையும் ஒன்றாக வைத்துத் துளைத்து, துளைக்கொன்றாகக் கிளெக்கோ என்ற வில் கவ்வியைச் செருகி இறுக்குவார்கள். இந்த அளவுக்குச் செம்பு நிறக் கிளெக்கோ. எல்லாத் துளையும் போட்ட பிறகு மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். டிரில் வெளியேறும் பக்கத்தில் பிசிர் நிற்கும், இரண்டு தகட்டுக்கும் இடையில் சீவல் சிக்கியிருக்கும். அப்படியே ரிவெட் அடித்தால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விழும், அந்த இடைவெளிக்குள் ரிவெட் பிதுங்கும், பிசிரின் கூர்முனை பின்னாளில் விரிசலுக்கு வித்தாகும். ஆகவே பிரித்து, பிசிர் எடுத்து, துடைத்து, துருத்தடுப்புப் பூச்சு அல்லது சீலண்ட் என்ற இடைவெளி அடைக்கும் பூச்சு பூசி, மறுபடி கிளெக்கோ போட்டு, பிறகுதான் ரிவெட்.

அடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் தலைப்பக்கம் காற்றழுத்தத் துப்பாக்கியை வைக்க, இன்னொருவர் மறுபக்கம் பக்கிங் பார் என்ற கனமான எஃகுக் கட்டியைத் தண்டின் முனையில் சதுரமாக அழுத்திப் பிடிப்பார். அடியில் தண்டு முதலில் மாவு பிதுங்குவதுபோல் பக்கவாட்டில் பருத்துத் துளையை இறுக நிரப்பும், அதன்பிறகு மறுபக்கம் தலை கட்டும். அந்தத் தலை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். நம் ரிவெட்டுக்கு 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம். கட்டி சாய்ந்திருந்தால் தலை ஒருபக்கம் சரியும். தண்டு நீளம் கூடினால் மடங்கிப் படுத்துவிடும். அடி குறைந்தால் தண்டு துளையை நிரப்பாது. அடி கூடினால் சுற்றியுள்ள தகடு நீண்டு, இரண்டு ரிவெட்டுக்கு நடுவே புடைக்கும். தப்பாகிவிட்டதா, தலையின் நடுவில் புள்ளி குத்தி, அதே அளவு டிரிலால் தலையின் ஆழம் மட்டும் துளைத்து, தலையைத் தட்டி எடுத்துவிட்டுத் தண்டை வெளியே தள்ளலாம். தகட்டுக்குக் காயம் படாமல் இணைப்பைப் பிரிக்கும் இந்த வசதி வேறெந்த நிரந்தர இணைப்பிலும் இல்லை. துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட் போடலாம், ஆனால் விட்டம் கூடுவதால் விளிம்புத் தூரக் கணக்கு இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் ரிவெட் தளர்ந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்: உராய்வில் கிளம்பும் அலுமினியத் தூள் கருத்து, ரிவெட் தலையிலிருந்து காற்றுப்போக்கில் வால்போல் கறை படியும். பட்டறையில் அதைப் புகையும் ரிவெட் என்பார்கள். தரையில் நின்று டார்ச் அடித்தால் தெரிகிற குறை இது.

ரிவெட்டின் உலோகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண வேலைக்கு 2117 கலவை, தலையில் சிறு குழி அடையாளம், வாங்கியபடியே அடிக்கலாம். அதிக பலம் வேண்டிய இடத்தில் 2024 ரிவெட். தகட்டைப்போலவே அதுவும் தானாகக் கடினமாகும் சரக்கு, கடினமான பிறகு அடித்தால் தலை வெடிக்கும். அதனால் சுமார் 495 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து, உடனே உறைபெட்டியில் வைத்துவிடுவார்கள். குளிர் அந்தக் கடினமாதலைத் தள்ளிப்போடும். வெளியே எடுத்தால் 10 முதல் 20 நிமிடத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். தலை கட்டிய பிறகு நாலு நாளில் முழு பலத்துக்கு வந்துவிடும். மிச்சமானதை அடிக்காமல் மறுபடி சூடாக்கித் தோய்க்கலாம். இதிலெல்லாம் கண்ணுக்கு எதுவும் தெரியாது, குறிப்பேட்டில் எழுதிய நேரம்தான் ஆதாரம்.

காற்று வழுக்கிப்போக வேண்டும் என்பதற்காக மேல்பரப்பில் தலை பதிந்த ரிவெட் போடுகிறார்கள். 100 டிகிரிக் கூம்புத் தலை. அதற்குத் தகட்டில் கூம்பு வடிவில் கடைய வேண்டும். இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. 3.2 மி.மீ. ரிவெட்டின் கூம்பு சுமார் 1.07 மி.மீ. ஆழம். தகடு அதைவிட மெல்லியதாக இருந்தால் கூம்பு அடிவரை போய், துளையின் கீழ் விளிம்பு கத்திமுனை ஆகிவிடும். மெல்லிய தகட்டைக் கடையாமல் அச்சில் அழுத்திக் குழிக்க வேண்டும் என்ற விதி இதனால்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737ல் ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளத்துக்கு மேற்கூரை பறந்துபோனதே, அதன் உடல்தகடு 0.91 மி.மீ.தான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் பாரத்தைப் பசை தாங்கும், ரிவெட் துணைக்கு என்பது ஏற்பாடு. ஈரமும் அரிப்பும் பசையை விடுவித்தன, பாரம் முழுக்கக் கத்திமுனைத் துளைகளுக்கு வந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளழுத்தம் ஏறி இறங்க, அடுத்தடுத்த துளைகளில் பொடிப்பொடியாக விரிசல்கள் தோன்றி ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. அந்த விமானம் அதற்குள் 89,680 முறை பறந்திருந்தது. ஒரு பணிப்பெண் இறந்தார், விமானம் தரையிறங்கியது.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் காமெட்டைப் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: சன்னல் சதுரமாக இருந்ததால் வெடித்தது என்று. இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 1954ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடலின் மேல் உடைந்தன. ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057 சுற்றில் உடல் கிழிந்தது. இவ்வளவும் உறுதி. ஜனவரியில் விழுந்த விமானத்தின் மீட்கப்பட்ட துண்டில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் சன்னல் அல்ல, கூரையிலிருந்த ஆன்டெனாத் திறப்பின் மூலையருகே ஒரு துளை. ஏப்ரலில் விழுந்ததன் சிதைவுகள் ஆழ்கடலில் போய்விட்டன, அதற்கும் இதுவே காரணம் என்பது நியாயமான அனுமானம். திறப்பின் மூலையில் விசை குவிவதும் உண்மை, வரைபடக்காரர்கள் நினைத்ததைவிட அதிகமாகக் குவிந்தது என்பதும் உண்மை. ஆனால் மூலையை வளைத்ததோடு பிரச்சினை தீரவில்லை. தகட்டைத் தடிமனாக்கினார்கள், திறப்புகளைச் சுற்றிய அமைப்பை மாற்றினார்கள். முழு உடலையும் தொட்டியில் வைத்து உலோகச் சோர்வு சோதனை செய்வது அதன்பின் வழக்கமானது.

இனி ரோபோவுக்கு வருவோம். உற்பத்தியை மோட்டார் தொழில்போல் ஓடவைக்க முடியுமா என்பதை இந்தத் தொழில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன்னில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானத்தை ஓடும் வரிசையில் வைத்தது. ஒரு விமானத்தில் 3 லட்சத்துக்கும் மேல் ரிவெட். 1944ல் மணிக்கு ஒன்று என்ற வேகத்தை எட்டினார்கள். உதிரியாக அனுப்பியவற்றையும் சேர்த்து மொத்தம் 8,685. ஆனால் ஆரம்பத்தில் பெரிய திணறல். ஃபோர்டு தன் பழக்கப்படி கெட்டியான எஃகு அச்சுகளில் முதலீடு செய்தது. போர்க்களத்திலிருந்தோ வாராவாரம் வடிவ மாற்றம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையுயர்ந்த அச்சு குப்பைக்குப் போனது. கடைசியில் வடிவத்தைத் தொகுதி தொகுதியாக உறையவைத்து, இடையில் வந்த மாற்றங்களை விமானம் வெளியே வந்த பிறகு தனி மையத்தில் செய்தார்கள். விமானத் தொழிலில் அச்சுக்கு ஆகும் செலவு எப்போதும் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டும். கார் ஆலையில் நாளுக்கு ஆயிரம் வண்டி. மிக அதிகமாக விற்கும் 737, ஏ320 குடும்பங்களே மாதத்துக்குச் சில பத்துகள்தான். 1936ல் டி. பி. ரைட் என்ற பொறியாளர் வெளியிட்ட கணக்கு இங்கே உதவும்: மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான ஆள்நேரம் சுமார் 20 சதவீதம் குறைகிறது. முதல் விமானத்துக்கு 100 என்றால் இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. கை பழகுவதால் வரும் லாபமே இவ்வளவு என்றால், இயந்திரம் அதைத் தோற்கடிக்கப் பெரிய எண்ணிக்கை வேண்டும். வடிவத்தை மாற்றினால் கணக்கு மறுபடி மேலே ஏறும்.

அதற்காக எல்லாமே கையால் என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கைப் பலகை மாதிரி பெரிய, ஓரளவு தட்டையான பகுதிகளை நிறுத்திவைத்து, பிரம்மாண்டமான இயந்திரம் துளைத்து, கடைந்து, ரிவெட் அழுத்தி, தலையைச் சீவும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இயந்திரம் இருபுறமும் இறுகக் கவ்விக்கொண்டு துளைப்பதால் இடையில் சீவல் புகாது. பிரித்துப் பிசிர் எடுக்கும் படி அங்கே தேவையில்லை. திணறுவது உடலின் வட்டத்தை மூடும் இடத்தில். 777ன் உடலை நிமிர்த்திவைத்து உள்ளே ஒரு ரோபோ, வெளியே ஒரு ரோபோ என்று ஜோடியாக ரிவெட் அடிக்க போயிங் முயன்றது. இரண்டையும் ஒத்திசைய வைப்பதே பெரும்பாடாகி, 2019ல் அதைக் கைவிட்டார்கள். வெளியே தண்டவாளத்தில் ஊர்ந்து துளைபோடும் எளிய கருவியும், உள்ளே ஆளுமாகத் திரும்பினார்கள். உடல்தகடு வளையும், தன் கனத்தில் தொய்யும். பக்கிங் பாரைப் பிடித்திருப்பவர் தன் கையால் உணர்ந்து சரிசெய்வதை ரோபோவுக்கு அளந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வெல்டிங்கும் சும்மா இருக்கவில்லை. 1991ல் பிரிட்டனின் டிடபிள்யூஐ நிறுவனத்தில் உராய்வுக் கலக்கு வெல்டிங் பிறந்தது: சுழலும் முனை உலோகத்தை உருக்காமல், மென்மையாக்கிக் கிளறி இணைக்கும். உருகாததால் 2024, 7075 கூட வெடிக்காது. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளில் இது இப்போது சர்வசாதாரணம். எக்லிப்ஸ் 500 என்ற சிறு ஜெட்டில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளுக்குப் பதிலாக இதைப் போட்டார்கள். ஏர்பஸ் ஏ318லும் ஏ380லும் உடலின் அடிப்பகுதியில் ஸ்ட்ரிங்கர்களை (தகட்டின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் முட்டுச்சட்டங்கள்) லேசரால் வெல்டிங் செய்தார்கள். அதற்கென வெல்டிங் ஏற்கும் 6000 வரிசைக் கலவைக்கு மாறவும் செய்தார்கள். அடிப்பகுதியைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது: அங்கே அழுத்தும் விசைதான் அதிகம், இழுவிசை குறைவு. ஒரே துண்டாகிவிட்ட அமைப்பில் விரிசல் தகட்டிலிருந்து ஸ்ட்ரிங்கருக்கும் நேராக ஏறிப்போகும். ரிவெட் அடித்த ஸ்ட்ரிங்கர் தனித்துண்டு, தகட்டில் வரும் விரிசல் அதற்கு அடியில் கடந்தாலும் அது உடையாமல் பாரத்தைப் பிடித்திருக்கும். ரிவெட் வரிசை விரிசலை நிறுத்திவிடும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அலோஹாவில் வரிசையே விரிசலுக்குப் பாதையானது.

கார்பன் இழை வந்த பிறகாவது துளை ஒழிந்ததா என்றால், பாதி. போயிங் 787ன் எடையில் சுமார் பாதி, கார்பன் இழையைப் பிசினில் பதித்தது போன்ற கூட்டுப்பொருள். உடலின் பெரிய பகுதிகள் முழு உருளையாகவே சுட்டெடுக்கப்படுகின்றன, அதனால் நீளவாக்கில் தையல் இல்லை. உருளையோடு உருளை சேரும் இடத்தில் மறுபடி இணைப்பான்தான். அங்கே அலுமினிய ரிவெட் ஆகாது. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டால் மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கும். அடித்துப் பருக்கவைத்தால் கார்பன் அடுக்குகள் பிரியும். அதனால் டைட்டானியம் தண்டு, மறுபக்கம் நட்டுபோல் இறுக்கும் கழுத்துப்பட்டை, இறுக்கும்போது தேவையான முறுக்கில் தானே உடையும் வகை. துளைக்கும்போது பின்பக்கம் அடுக்கு பிய்யாமல் இருக்கத் தாங்குபலகை வேண்டும். 2007 ஜூலை 8ல் முதல் 787ஐ ஊருக்கெல்லாம் காட்டியபோது, சரியான இணைப்பான்கள் கிடைக்காமல் தற்காலிகமானவற்றைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள்; அது நிஜமாகப் பறந்தது 2009 டிசம்பரில். அதன்பிறகும் விடவில்லை. அலுமினியத் தகடு சிறு இடைவெளியை வளைந்துகொடுத்துச் சமாளிக்கும், கார்பன் உருளை வளையாது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அளந்து ஆப்பு வைக்க வேண்டும். அந்த ஆப்புகள் சில இடங்களில் சரியில்லை என்று 2020ல் தெரியவந்து, விமானங்களைக் கொடுப்பதே நீண்ட காலம் நின்றுபோனது.

பசையால் மட்டும் ஒட்டிவிடலாமே? ஒட்டுகிறார்கள், ஆனால் பசையின் பலத்தை உடைத்துப் பார்க்காமல் அளக்க வழியில்லை. ஒலியலைச் சோதனை காற்றுக்குமிழியைக் காட்டும். மேற்பரப்பில் அழுக்கு இருந்து, தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் பசை அதில் நல்ல இணைப்பாகவே தெரியும். எனவே முக்கியமான பசையிணைப்பு ஒன்று முழுக்க விட்டாலும் மிச்ச அமைப்பு, பறப்பில் வரக்கூடிய உச்ச பாரத்தைத் தாங்க வேண்டும் என்று சான்றளிக்கும் அமைப்புகள் கேட்கின்றன. அதற்குச் சுலபமான வழி பசைக்கு நடுவே நாலு இணைப்பான் போடுவது. பொறியாளர்கள் அதைக் 'கோழை ரிவெட்' என்று கேலி செய்வார்கள். கேலி செய்தபடியே போடுவார்கள்.

ரிவெட்டைப் பிரிக்க முடிவது வரம் என்றேன். அதில் ஆபத்தும் உண்டு. 1985 ஆகஸ்ட் 12ல் ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 விழுந்து 520 பேர் இறந்ததன் மூலம், ஏழு வருடம் முன்பு உடலின் பின்கோடியில் உள்ளழுத்தத்தை அடைத்துவைக்கும் தடுப்புச்சுவரில் செய்த பழுதுபார்ப்பு. ஒரே இணைப்புத் தகடாக இருக்க வேண்டியதை இரண்டாக வெட்டிப் பொருத்திவிட்டார்கள். வெளியே பார்த்தால் வேண்டிய ரிவெட் வரிசைகள் எல்லாம் இருந்தன. பாரத்தைக் கடத்தியது ஒரு வரிசைதான். அது 12,000க்கும் மேற்பட்ட பறப்புகள் தாக்குப்பிடித்தது. 2024 ஜனவரி 5ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9ல் பயன்படுத்தாத கதவுத் திறப்பை மூடும் தடுப்பு பிய்த்துக்கொண்டு போனதற்கும் தொடக்கம் ரிவெட்தான். பக்கத்திலிருந்த ஐந்து பழுதான ரிவெட்டுகளை மாற்றுவதற்காக ஆலையில் அந்தத் தடுப்பைத் திறந்தார்கள். திறந்ததற்குப் பதிவு எழுதவில்லை. மூடும்போது அதைப் பிடித்துவைக்கும் நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை.

நான் கொடுத்த அளவுகள் பொதுவான பட்டறை விதிகள். குறிப்பிட்ட விமானத்தைத் தொடும்போது தயாரிப்பாளரின் கட்டமைப்புப் பழுதுக் கையேடு சொல்வதே சட்டம். இந்த எண்களை வைத்து யாரும் துளை போட வேண்டாம்.

ரிவெட் ஒருநாள் ஒழியுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. என் பந்தயம் வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக்கில் கார்பன் இழையை வைத்த வகையின் மேல். அதைச் சூடாக்கி அழுத்தினால் துளையில்லாமலே ஒட்டும், வெல்டிங் போலத்தான். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650ன் வாலில் திசைமாற்றும் பகுதிகள் அப்படிச் செய்தவை, பல வருடமாகப் பறக்கின்றன. ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சி ஒன்றில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் விட்டத்தில் ஒரு முழு உடல்துண்டின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் வெல்டிங் செய்து சேர்த்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது மாதிரி மட்டும், பயணிகளை ஏற்றிப் பறக்கும் விமானம் அல்ல. அந்த வெல்டிங்கின் பலத்தை உடைக்காமல் எப்படி நிரூபிப்பது என்று சான்றளிப்பவர்கள் கேட்பார்கள். பசையிடம் கேட்ட அதே கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை விளிம்பிலிருந்து இரண்டு விட்டம் தள்ளி ஒரு வரிசை துளை வரையப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.